சுகுமாரன், வயது நான்கு

ரமணி டீச்சரின் கைப்பையில் அவருடைய திருமணச் சான்றிதழின் நகல் ஒன்று எப்போதும் இருக்கும். கூடவே மின்சார பில், மகளின் பிறப்புப் பத்திரம், கணவரின் அடையாள அட்டை முன்பக்கமும் பின்பக்கமும் ஒரே தாளில். எல்லாம் போட்டோஸ்டேட். பல் பிடுங்கப் போனாலும் இவை கூடப் போகும். கல்யாணமாகிப் பினாங்கு மாநிலத்துப் பட்டர்வொர்த்துக்கு வந்த புதிதில், ஏதோ ஓர் அலுவலகத்தில் காலையெல்லாம் வரிசையில் நின்று, முறை வந்ததும் "இதுக்கு இன்னொரு போட்டோஸ்டேட் வேணும்" என்று திருப்பி அனுப்பப்பட்டவர் அவர். அன்று ஒரு முடிவுக்கு வந்தார். கேட்டதைக் கொடுப்பது, கேட்காததையும் சேர்த்துக் கொடுத்துவிடுவது. யாராலும் திருப்பி அனுப்ப முடியாது.

இந்தக் கொள்கையோடுதான் அவர் செயற்கை நுண்ணறிவுக் காலத்துக்குள் நுழைந்தார்.

டீச்சருக்கு வேலை பாலர் பள்ளியில். நான்கு வயதுப் பிள்ளைகளின் வகுப்பு. கழிவறைக்குள் தண்ணீர் விழும் சத்தத்தை வைத்தே உள்ளே இருப்பது யார், செய்வது என்ன என்று சொல்லக்கூடிய அனுபவம். ஆனால் பள்ளியை நடத்தும் காமாரியாவுக்கு அனுபவத்தைச் சுவரில் மாட்ட முடியவில்லை. அடுத்த ஆண்டு முதல் டிப்ளோமா இருப்பவர்தான் வகுப்பாசிரியை, இல்லாதவர் உதவியாளர் என்று அறிவித்துவிட்டார். சம்பளம் குறைவதுகூடப் பெரிதில்லை. தன் வகுப்பில் வேறொருத்தி நின்று தன் பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட, தான் ஓரமாகத் துடைப்பத்தோடு நின்று பார்க்க வேண்டும் என்பதைத்தான் டீச்சரால் பொறுக்க முடியவில்லை.

ஆக, சனிக்கிழமைதோறும் பெர்ரிப் படகில் தீவுக்குப் போய், ஜார்ஜ்டவுனில் ஒரு தனியார் கல்லூரியில் டிப்ளோமா வகுப்பு. எல்லாப் பாடத்தையும் எப்படியோ தாண்டியாயிற்று. மிச்சம் ஒன்றே ஒன்று: ஒரு பிள்ளையைச் சில வாரங்கள் கூர்ந்து கவனித்து ஓர் அறிக்கை எழுத வேண்டும், ஆங்கிலத்தில். இதில் தேறாவிட்டால் அடுத்த வாய்ப்பு அடுத்த ஆண்டுதான். அதற்குள் வகுப்பு கைவிட்டுப் போயிருக்கும்.

கல்லூரியோ அந்தப் பருவத்தில் பொறுப்புணர்ச்சியால் தவித்துக்கொண்டிருந்தது. ஏஐயைப் பொறுப்பாகப் பயன்படுத்துவோம் என்று மின்தூக்கிக்குள் சுவரொட்டி. ஒரு மனிதனும் ஒரு ரோபோவும் கைகுலுக்கும் படம். மனிதனின் கையில் ஆறு விரல். அது யார் கண்ணிலும் படவில்லை, அல்லது பட்டும் சொல்லவில்லை. சரிபார்க்க வேண்டியது நம் அனைவரின் கடமை என்று படத்துக்குக் கீழே எழுதியிருந்தது.

விதிகளை வகுப்பில் விளக்கியவர் விரிவுரையாளர் பிரஷாந்தி. யாழ்ப்பாணத்து வம்சாவளிக் குடும்பம். டீச்சரைவிட வயதில் சின்னவர். சிரித்து யாரும் பார்த்ததில்லை. அவருடைய குரலுக்கு ஏற்றமும் கிடையாது, இறக்கமும் கிடையாது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அந்தக் குரலில் வகுப்பு நடந்தால், கண்ணைத் திறந்து வைத்திருப்பதே ஒரு தனிப் பாடத்துக்குச் சமம்.

"ஏஐ பாவிக்கலாம், மறைக்கத்தான் கூடாது" என்றார் அவர். "என்ன கேட்டீங்க, அது என்ன சொன்னது, அதுல எதை எடுத்தீங்க, எதை விட்டீங்க, எல்லாத்தையும் பின்னிணைப்பா வைக்கணும். பிள்ளையோட உண்மைப் பேரை அதுக்குள்ள போடவே கூடாது. போட்டா நேரா பெயில். ரிப்போர்ட்ல ஒரு வரி பொய்யா இருந்தா, அது ஏஐ சொன்ன பொய் இல்ல, நீங்க சொன்ன பொய். விளங்குதா?"

ரமணி டீச்சர் கையைத் தூக்கினார். "எல்லாத்தையும்னா எல்லாத்தையுமா, மிஸ்?"

"எல்லாத்தையும்."

பினாங்கு மாநிலத்திலேயே அந்தச் சொல்லை அப்படியே எடுத்துக்கொள்ளக்கூடிய ஒரே ஆளிடம் பிரஷாந்தி அதைச் சொல்லியிருக்கக் கூடாது.

முதல் சிக்கல் பெயரில் வந்தது. டீச்சர் தேர்ந்தெடுத்த பிள்ளை, வகுப்பில் வாயே திறக்காத ஒரு பையன். காலையில் எல்லோரும் வாசலில் சப்பாத்தைக் கழற்றி எறிந்துவிட்டு உள்ளே ஓடிய பிறகு, இவன் மட்டும் குந்தி உட்கார்ந்து அத்தனை சப்பாத்தையும் சோடி சேர்த்து வரிசையாக வைப்பான். அவனுக்கு ஒரு மாற்றுப் பெயர் வேண்டும்.

"சிறுவன் ஏ-ன்னு போடுங்க அக்கா, முடிஞ்சிச்சு" என்றாள் பக்கத்து நாற்காலி ஃபஸீலா. அவளும் ஒரு பாலர் பள்ளி ஆசிரியைதான், தீவுப் பக்கம்.

"பிள்ளைக்குப் போய் ஏ-ன்னு பேரு வைக்க மனசு வரல லா."

"அப்ப பி-ன்னு வைங்க."

டீச்சர் யோசித்தார். அவர் நினைத்த ஒவ்வொரு பெயரிலும் வகுப்பில் ஒரு பையன் இருந்தான், அல்லது போன வருடம் இருந்தான். எந்தப் பாலர் பள்ளியிலும் இன்று இருக்க வாய்ப்பில்லாத ஓர் ஆண் பெயர் வேண்டும். கடைசியில் அது வீட்டிலேயே கிடைத்தது. கணவரின் பெயர் சுகுமாரன். அந்தப் பெயரை இப்போதெல்லாம் யார் பிள்ளைக்கு வைக்கிறார்கள்?

இரண்டாவது சிக்கல், சிக்கலாகவே தெரியவில்லை. டீச்சர் ஏஐயைத் தம்பி என்றுதான் கூப்பிடுவார். எதைக் கேட்டாலும் ஒரே உரையாடலில்தான் கேட்பார். புதிதாக ஒன்றைத் திறந்தால், தான் யார், வீடு எங்கே, மகள் பள்ளியில் எந்தப் படிவம் என்று மறுபடி முதலிலிருந்து சொல்ல வேண்டும். அதுவும் ஒரு பிள்ளைதானே, எத்தனை தடவை கேட்கும் என்று அவருக்கு ஓர் இரக்கம். அதனால் பையனைப் பற்றிய குறிப்புகளுக்கு நடுவே மீன் கறியில் புளி தூக்கலாகிவிட்டால் செய்ய வேண்டியது வந்தது, மாமியாருக்குப் பிறந்தநாள் வாழ்த்து வந்தது. இதுவும் வந்தது:

"தம்பி, சுகுமாரன் நைட் ஷிப்ட் முடிஞ்சு வந்து சப்பாத்த வாசல் நடுவுலேயே கழட்டிப் போட்டுட்டுப் போறார். தடுக்கி விழுறேன். டிவியில பந்து பாத்துக்கிட்டே தூங்கிடறார். கோப்பி குடிக்கிறதுக்குக் கணக்கே இல்ல. என்னா செய்யலாம்?"

சுகுமாரனுக்குப் பக்கத்து ஊரான பிறையில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. இரும்பு முனை வைத்த சப்பாத்து. தடுக்கினால் வலிக்கத்தான் செய்யும்.

தம்பி பொறுமையாக எல்லாவற்றுக்கும் யோசனை சொன்னான். பையன் பேசுவதில்லை என்று டீச்சர் எழுதியபோது, இது பேச்சுத் தாமதமாக இருக்கலாம், நிபுணரிடம் அனுப்புங்கள் என்றான். அதற்கு மட்டும் டீச்சர் சண்டைக்கு நின்றார். இரண்டு நாள் விட்டு விட்டுச் சண்டை. கடைசியில் தம்பி மன்னிப்புக் கேட்டான்.

அறிக்கையை டீச்சரே எழுதினார். ஆங்கிலத்தைத் தம்பி திருத்தினான். முடிவுரை மட்டும் எத்தனை தடவை எழுதியும் ஓடவில்லை. "இதுவரைக்கும் சுகுமாரனப் பத்திச் சொன்னத எல்லாம் வச்சு நீயே ஒரு முடிவுரை போடு தம்பி" என்றார். போட்டான். டீச்சர் அதை வரிவரியாகப் படித்தார். எந்த வரியிலும் பொய் இருப்பதாகத் தெரியவில்லை. அச்சடித்தார்.

பின்னிணைப்போடு அது தலையணை கனத்துக்கு வந்தது. உரையாடல் முழுவதும், முதல் வணக்கத்திலிருந்து கடைசி நன்றிவரை. இருக்கட்டுமே என்று அடையாள அட்டையின் நகலும்.

"என்னா அக்கா, வீட்டு லோனுக்கு அப்ளை பண்றீங்களா?" என்றாள் ஃபஸீலா.

"எல்லாத்தையும் வைக்கச் சொன்னாங்கதானே."

ஃபஸீலா தன் தாளைக் காட்டினாள். பின்னிணைப்பு ஒரே வரி: இலக்கணத்தைச் சரிபார்க்க மட்டுமே ஏஐ பயன்படுத்தப்பட்டது. வகுப்பில் பெரும்பாலோர் வைத்ததும் அதே வரிதான், ஓர் எழுத்துகூட மாறாமல். அந்த வரியை எழுதித் தரச் சொல்லி அவரவர் தனித்தனியாக ஏஐயிடம் கேட்டிருந்தார்கள்.

அடுத்த வாரம், வீட்டில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது பிரஷாந்தியின் மின்னஞ்சல் வந்தது. சனிக்கிழமை என்னை வந்து பார்க்கவும். அறிக்கையின் நம்பகத்தன்மையில் சந்தேகம் எழுந்துள்ளது. குறிப்பாக முடிவுரையில், நான்கு வயதுச் சிறுவனின் இரவுப் பணி குறித்து விளக்கம் தேவை.

டீச்சர் கீரையைத் தள்ளிவிட்டு முடிவுரையைத் திறந்தார். தம்பி அழகாக எழுதியிருந்தான். நான்கு வயதான சுகுமாரன் காலணிகள் விஷயத்தில் முரண்பட்ட நடத்தையைக் காட்டுகிறான். பள்ளியில் மற்றவர்களின் காலணிகளை அக்கறையோடு அடுக்கும் இவன், இரவுப் பணி முடிந்து வீடு திரும்பியதும் தன்னுடையதை வாசலிலேயே விட்டுவிடுகிறான். காப்பியைக் குறைத்து, கால்பந்து பார்க்கும் நேரத்தை வரையறுத்தால் இவனுடைய தூக்கமும் பேச்சும் மேம்படலாம்.

சோபாவில் படுத்திருந்த சுகுமாரன் போனை வாங்கிப் படித்தார். நிதானமாக, இரண்டு தடவை.

"நாலு வயசுலயே ஷிப்டுக்கு அனுப்பிட்டியா என்ன?"

"சும்மா இருங்க. நான் பெயிலாகப் போறேன்."

"இதுல என்னா பொய் இருக்கு? சப்பாத்து உண்மை, பந்து உண்மை, கோப்பி உண்மை."

"அதாங்க பிரச்சினை. எல்லாம் உண்மையா இருந்துச்சு. அதனாலதான் என் கண்ணுல படல."

"வேணும்னா நான் வந்து சொல்லட்டா, நான்தான் அந்தப் பையன்னு?"

டீச்சர் போனைப் பிடுங்கி மறுபடி முதல் வரியிலிருந்து படித்தார். சுகுமாரனும் அதோடு கிண்டலை நிறுத்திக்கொண்டார். எழுந்து போய் மிச்சக் கீரையை அவரே ஆய்ந்தார். மோசமாக ஆய்ந்தார் என்பது வேறு விஷயம்.

சனிக்கிழமை பெர்ரியில் டீச்சருக்கு இன்னொன்று நினைவுக்கு வந்தது. அந்தத் தலையணைக்குள் வேறு ஒரு பக்கமும் இருக்கிறது. ஒரு சனிக்கிழமை மத்தியானம் வகுப்பில் இருந்துகொண்டே தட்டியது. 'தம்பி, இந்த மிஸ் பேசுனா தூக்கம் தூக்கமா வருது. பாவம் நல்லவங்கதான், ஆனா சிரிக்கத் தெரியல. முழிச்சிருக்க ஏதாச்சும் வழி சொல்லு.'

பெர்ரி பாதிக் கடலில் இருந்தது. திரும்பிப் போகச் சொல்ல முடியாது.

பிரஷாந்தியின் அறையில், மேசை நடுவில் தலையணை இருந்தது. அதன் ஓரமெல்லாம் மஞ்சளும் பச்சையுமாகக் குறிப்புத் தாள்கள் ஒட்டியிருந்தன.

"முழுக்கப் படிச்சேன்" என்றார் பிரஷாந்தி.

"முழுக்கவா, மிஸ்?"

"நீங்க வச்சீங்க. வச்சா நான் படிக்கணும். மாமியாருக்கு எழுதின வாழ்த்து நல்லா இருக்கு." அதே குரல். அது பாராட்டா தண்டனையா என்று கண்டுபிடிக்க வழியில்லை. "சுகுமாரன் யாரு?"

"எங்க வீட்டுக்காரர், மிஸ்."

"அவரையா கவனிச்சு எழுதினீங்க?"

"இல்ல மிஸ், பிள்ளை வேற. பேரு மட்டும் அவருது. பிள்ளை பேரை உள்ள போடக் கூடாதுன்னு சொன்னீங்கதானே. அப்புறம் ஒரே இடத்துல ரெண்டு பேரைப் பத்தியும் எழுதிட்டேன், அது ரெண்டையும் ஒண்ணாக்கிருச்சு. நான் படிச்சுத்தான் பாத்தேன் மிஸ். ஆனா..." அதைப் பாதியில் விட்டு, "எனக்கு இந்த வகுப்பு போயிரும் மிஸ்" என்றார், சம்பந்தமில்லாமல்.

பிரஷாந்தி தலையணையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"பிள்ளையோட பேரைக் காப்பாத்தினீங்க. புருஷன் பேரைக் காப்பாத்தல" என்றார். "ரிப்போர்ட்ட மட்டும் பாத்திருந்தா, பிள்ளையைப் பாக்கவே இல்ல, வீட்டுல உக்காந்துகிட்டு மெஷினை வச்சுக் கதை கட்டியிருக்கீங்கன்னுதான் நினைச்சிருப்பேன். நினைச்சேன். அந்த மெயில் எழுதினப்ப நான் பின்னிணைப்பைத் திறக்கல. அவ்வளவு தடிமனா இருந்தா யாருக்குத் திறக்க மனசு வரும்?"

அவர் பச்சைத் தாள் ஒட்டிய ஒரு பக்கத்தைத் திறந்தார். ஏற்றமும் இறக்கமும் இல்லாமல், நீதிமன்றத்தில் சாட்சியம் வாசிப்பது போல வாசித்தார்.

"'இல்ல தம்பி. நீ அவனப் பாத்ததில்ல, நான் பாத்திருக்கேன். அவன் எங்கிட்ட பேசமாட்டான், சப்பாத்துகிட்ட பேசுவான். இது இன்னாருது, இது இன்னாருதுன்னு பேரு சொல்லிச் சொல்லித்தான் வைக்கிறான். பக்கத்துல போய்க் குந்துனாத்தான் கேக்கும். பேச்சு வராத பிள்ளை இல்ல அவன்.'"

டீச்சர் தலையைக் குனிந்துகொண்டார். தம்பியிடம் பேசியதை இன்னொருவர் வாயால் கேட்கக் கூச்சமாக இருந்தது.

"இதுக்கப்புறம் அது மன்னிப்புக் கேட்டு, நீங்க சொல்றதுதான் சரின்னு உங்க பக்கம் சாஞ்சிருச்சு" என்றார் பிரஷாந்தி. "எல்லாரும் அங்க நிறுத்திருவாங்க. நீங்க என்ன எழுதியிருக்கீங்க? 'நீ சும்மா ஆமா போடாத. நாளைக்கு மறுபடி பாத்துட்டு வந்து சொல்றேன்.' போய்ப் பாத்திருக்கீங்க. அவனோட அம்மாகிட்டயும் கேட்டிருக்கீங்க, வீட்டுல நல்லா பேசுறான்னு. இந்த வகுப்புல அதோட சண்டை போட்டது நீங்க ஒரு ஆள்தான். மத்தவங்க போட்டாங்களான்னு எனக்குத் தெரியாது. எல்லாரும் எனக்கு ஒரு வரிதான் தந்திருக்காங்க."

"அப்ப, மிஸ்..."

"பாஸ்தான். மார்க் கொஞ்சம் வெட்டுவேன். நான் சொன்னது ஞாபகம் இருக்கா? அந்த முடிவுரை ஏஐயோடது இல்ல, உங்களோடது. அதைத் திரும்ப எழுதுங்க, நீங்களே. இங்கிலீஷ் கோணலா இருந்தா பரவாயில்ல. பிள்ளை ஒரே ஆளா இருந்தாப் போதும்."

டீச்சர் எழுந்தார். நன்றி சொன்னாரா இல்லையா என்று இன்றுவரை அவருக்குச் சந்தேகம். கதவுப்பிடியில் கை வைத்த நேரத்தில் பின்னாலிருந்து குரல் வந்தது.

"சனிக்கிழமை மத்தியான வகுப்பு பத்தியும் ஒரு பக்கம் இருக்கு."

டீச்சர் திரும்பவில்லை. திரும்பாமலே நின்றார்.

"முன் வரிசையில உக்காரச் சொல்லிச்சு உங்களை. உக்காந்தீங்களா?"

"உக்காந்தேன் மிஸ்."

"தூக்கம் போச்சா?"

பொய் சொன்னால் அது தன் பொய்தான் என்பது டீச்சருக்கு இப்போது நன்றாகத் தெரியும். "இல்ல மிஸ்" என்றார்.

பிரஷாந்தி தலையசைத்து எதையோ குறித்துக்கொண்டார்.

கீழே கோப்பிக் கடையில் ஃபஸீலா காத்திருந்தாள். டீச்சரின் முகத்தைப் பார்த்ததும் எதுவும் கேட்காமல் ஒரு தேத்தாரே டீ சொன்னாள். அது வந்து, பாதி குடித்துவிட்டு டீச்சர் சொல்ல ஆரம்பித்தார். முழுக் கதையையும் கேட்ட ஃபஸீலா, கொஞ்ச நேரம் சிரித்துவிட்டு, தன் கோப்பையைத் தள்ளி வைத்தாள்.

"என் ரிப்போர்ட்டையும் நான் வாபஸ் வாங்கி, உள்ளத உள்ளபடி வச்சுக் குடுக்கலாம்னு பாக்குறேன் அக்கா" என்றாள். "ஆனா என்னோடதுல ஒங்கள மாதிரி சண்டையெல்லாம் இல்ல. அது சொல்லும், நான் சரிம்பேன். அசிங்கமா இருக்கும்."

"இருந்தாலும் வை. இப்பவே சொல்லிட்டா பேசாம விட்டுருவாங்க."

"மிஸ்ஸத் திட்டியிருக்கேனே."

"நானும்தான்."

முடிவுரையை டீச்சர் பெர்ரியிலேயே எழுத ஆரம்பித்தார், முதலில் தமிழில். கோணல் ஆங்கிலத்துக்கு அதைக் கொண்டுபோக ஒரு வாரம் ஆயிற்று. கடைசிப் பத்தியில், ஒருநாள் தனக்குக் காய்ச்சல் வந்து பள்ளிக்குப் போகாதபோது, அந்தப் பையன் சப்பாத்து வரிசையில் ஒரு சோடிக்கு இடம் விட்டு வைத்திருந்தான் என்று மறுநாள் கேள்விப்பட்டதை எழுதினார். அது தம்பிக்குத் தெரியாது. தம்பியிடம் அவர் சொல்லவேயில்லை.

மதிப்பெண் தாள் வந்தபோது, பின்னால் ஒரு தாள் சேர்த்துப் பின் அடிக்கப்பட்டிருந்தது. விரிவுரையாளர்களும் ஏஐ பயன்பாட்டை அறிவிக்க வேண்டும் என்று கல்லூரி விதியில் எங்கோ ஒரு மூலையில் இருக்கிறதாம். அதை நிறைவேற்றிய முதல் ஆள் பிரஷாந்தியாகத்தான் இருக்க வேண்டும். அதில் இருந்தது இவ்வளவுதான்: 'இந்தக் கருத்துரைக்கு ஏஐ பயன்படுத்தவில்லை. வேறொரு காரியத்துக்குப் பயன்படுத்தினேன். மதிய வகுப்பில் மாணவர்கள் தூங்காதபடி பேசுவது எப்படி என்று கேட்டேன். அடிக்கடி புன்னகைக்கச் சொன்னது. கண்ணாடி முன் சோதித்துப் பார்த்தேன். அந்த ஆலோசனையை ஏற்கவில்லை. வகுப்பைக் காலைக்கு மாற்றக் கேட்டிருக்கிறேன்.'

காமாரியாவிடம் டிப்ளோமா முடிவைக் கொடுக்கப் போனபோது டீச்சர் திருமணச் சான்றிதழ், மின்சார பில், எல்லாவற்றையும் சேர்த்துத்தான் கொடுத்தார். காமாரியா மேலே இருந்த ஒரு தாளை மட்டும் உருவிக்கொண்டு மிச்சத்தை அப்படியே திருப்பித் தந்தார். புது வருடத்து வகுப்புப் பட்டியல் ஏற்கெனவே சுவரில் இருந்தது. நான்கு வயது வகுப்புக்கு நேரே இருந்த வெற்றிடத்தில், டீச்சர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, காமாரியா பேனாவால் ரமணி என்று எழுதினார்.

அன்று சாயங்காலம் டீச்சர் வீட்டுக்குள் நுழைகையில் வாசல் நடுவில் இரும்பு முனைச் சப்பாத்து கிடந்தது. தடுக்கியது. வலித்தது. உள்ளே பந்து ஓடிக்கொண்டிருந்தது.

"என்னா ஆச்சு?" என்றார் சோபாவிலிருந்து சுகுமாரன்.

"வகுப்பு எனக்குத்தான்."

சுகுமாரன் எழுந்து உட்கார்ந்தார். முகமெல்லாம் சிரிப்பு. "அப்ப கோப்பியக் குறைக்க வேணாம்ல?" என்றவர், டீச்சர் பார்த்த பார்வையில் எழுந்து போய் இரண்டு கோப்பி கலக்கிக்கொண்டு வந்தார்.

டீச்சர் காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டே போனை எடுத்தார். வாழ்க்கையில் முதல் தடவையாகப் புதிய உரையாடல் ஒன்றைத் திறந்தார். கொஞ்சம் யோசித்துவிட்டுத் தட்டினார்:

"தம்பி, எங்க வீட்டுல ஏ-ன்னு ஒருத்தர் இருக்கார்."